உம்முடைய அம்மா கண்ட தாரா

பல்வலிக்குக் கிராம்பு தேடப்போய் உம்மிடம் வந்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இன்னும் அந்தக் கறுப்பு ஃபிலிம் டப்பாக்கள் இருக்கின்றன. துபாயில் நான் படமாக எடுத்துத் தள்ளிய காலத்தில் சேர்ந்தவை. ஒன்றைக்கூடத் தூக்கிப்போட கோமதி விடவில்லை. ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் திருச்செந்தூர் விபூதி, ஒன்றில் ஊசியும் பொத்தானும். மேலே எதுவும் எழுதியிருக்காது. கையில் எடுத்துக் குலுக்கினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாது. இன்று காலை தாடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஐந்தாவது டப்பாவைக் குலுக்கினால் சத்தமே இல்லை. மூடியை நெம்பினேன். உள்ளே இரண்டாக மடித்த ஓர் இலை, காய்ந்து பழுப்பாகி, தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தைல வாசனை மெல்லிசாக வந்தது. நிஜமாகவே வந்ததா, என் நினைப்பா, தெரியவில்லை. "இதை வைச்சிரும், தடிமனுக்கு நல்லது" என்று விமான நிலையத்தில் என் சட்டைப்பையில் நீர் திணித்த டப்பா அது.

நீர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. டொராண்டோவிலிருந்து உம்முடைய மகன் போனில் சொன்னபோது நான் "அப்படியா, அப்படியா" என்று நாலைந்து தடவை சொன்னேனாம், கோமதி சொல்கிறாள். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை எனக்கு. அன்றைக்கு வராததை இன்றைக்கு உமக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பல்வலியும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

உம்மை முதலில் பார்த்தது துபாயில் நாம் வேலை பார்த்த ஆலையின் ஸ்டோரில், கம்பி வலை வைத்த ஜன்னலுக்குப் பின்னால். எனக்கு அவசரமாக ஒரு ஃபியூஸ் வேண்டும். நான் கருவிப் பிரிவில் இன்ஜினியர், நீர் ஸ்டோர் கீப்பர். "சீட்டு எங்கை?" என்றீர். சீட்டு பிறகு தருகிறேன் என்றேன். "சீட்டு இல்லாமல் ஒரு ஆணியும் தரமாட்டன், பாரும்." 'பாரும்' என்று சொன்னதும் எனக்குக் கோபம் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தானே பேசுவோம். "நீரு எந்த ஊருவே?" என்று கேட்டேன். "திருநெல்வேலி" என்றீர். நான் வாயைப் பிளந்து நின்றேன். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவனிடம், யாழ்ப்பாணத் தமிழில், கண்ணைச் சிமிட்டாமல் திருநெல்வேலி என்கிறாரே இந்த மனிதர்! யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதும் சீட்டில்லாமல் ஃபியூஸ் தரவில்லை நீர்.

அன்றிலிருந்து கடைசி வரைக்கும் நமக்குள் 'நீர்'தான். இந்தக் காகிதத்திலும் அதை மாற்ற மனசு வரவில்லை.

அல் கூஸில் கம்பெனி கேம்ப் அறையில் நாலு பேரோடு நீர் இருந்தீர். வெள்ளிக்கிழமை என்றால் கராமாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவீர். கோமதி தேங்காய்ப்பாலில் சொதி வைப்பாள். உங்கள் ஊரிலும் சொதி உண்டு, ஆனால் அது வேறு சொதி. "இது சொதி இல்லை, கலியாணக் குழம்பு" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவீர். சாப்பாட்டுக்குப் பிறகு என் மகளுக்குப் படம் வரைந்து கொடுப்பீர். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோர் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மிருகம் வரைந்தீர். வாத்தின் அலகு, நீர்நாயின் உடம்பு, தட்டையான வால். நாலு கால், நகத்தோடு.

"மாமா, இது பொய்தான?" என்றாள் அவள்.

"உண்மை, பிள்ளை. இது முட்டை இடும். குஞ்சு பொரிச்சாப் பிறகு பால் குடுக்கும்."

நான் சிரித்துவிட்டேன். "வேய், பிள்ளைக்குப் பொய் சொல்லாதியும். ஒண்ணு முட்டை, இல்லன்னா பாலு. ரெண்டும் எப்படிவே வரும்?"

நீர் சிரிக்கவில்லை. ஏ.எல். பரீட்சைக்கு விலங்கியல் படித்தவர் நீர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, நீரும் சொன்னதில்லை. "பால் குடுக்கிற சாதியில முட்டை இடுறதும் இருக்கு. ரெண்டே சாதி. இது பிளாட்டிபஸ். மற்றது எக்கிட்னா, அதுக்கு மேலெல்லாம் முள்ளு. ரெண்டும் அவுஸ்திரேலியாப் பக்கம். நான் இதை நூறு தரம் கீறியிருப்பன். ஒருக்காலும் கண்ணால கண்டதில்லை" என்றீர். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உம்முடைய குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. மாதம் ஒரு தடவை உம்முடைய அம்மாவுக்கு நான் உம்மைப் படம் எடுக்க வேண்டும். தேராவில் வாங்கிய ஜப்பான் கேமரா எனக்கு இரண்டாவது பிள்ளை. வளைகுடாவில் படம் என்றால் எப்படி எடுப்போம், உமக்குத் தெரியாததா? யாருடையதோ ஒரு பளபளா கார், அதன் மேல் ஒரு கை, கறுப்புக் கண்ணாடி. உம்மையும் முதல் தடவை அப்படித்தான் எடுத்தேன். உம்முடைய அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "தம்பி, காரை ஏன் அனுப்புகிறாய்? உன்னை அனுப்பு. உன் கால் தெரியவில்லை." அதற்குப் பிறகு கார் கிடையாது. நேராக நிற்க வேண்டும், முழு ஆளாக, காலில் சப்பாத்தும் தெரிய வேண்டும். பின்பக்கத்தில் தேதி எழுத வேண்டும்.

அங்கே யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. உமக்கு ஊருக்குப் போக வழியில்லை. தபால் போகும், போகாது, வரும், வராது. லீவு டிக்கெட் வரும்போதெல்லாம் நாங்கள் பெட்டி கட்டுவோம், நீர் எங்களை வழியனுப்ப வருவீர். மகன் உயிரோடிருக்கிறான், கை கால் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி மாதம் ஒரு படம். எனக்கு இது புத்தியில் தெரியும். மனசில் ஏறியதா என்றால், இல்லை. ஏறியிருந்தால் அன்றைக்கு அப்படிப் பேசியிருப்பேனா?

எண்பத்தாறிலோ எண்பத்தேழிலோ கம்பெனி நம் இரண்டு பேரையும் ஆறு வாரப் பயிற்சிக்கு டாஸ்மேனியா அனுப்பியது. எனக்குப் புதிய கருவிகள், உமக்கு அவற்றின் உதிரிபாகப் பட்டியல். தாள் கைக்கு வந்ததும் நீர் ஸ்டோர் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே ஓடிவந்தீர். ஜன்னலுக்கு முன்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். பட்டான் ஃபோர்மன் "க்யா ஹுவா பாய், ஜல்தி கரோ!" என்று கத்துகிறார். நீர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐசே, டாஸ்மேனியாவில ரெண்டும் இருக்கு! ரெண்டும்!" என்றீர். உமக்குக் கண் கலங்கியிருந்தது.

துபாய் ஆகஸ்டில் ஏறி டாஸ்மேனியாக் குளிரில் இறங்கினோம். உம்மிடம் ஒரு மெல்லிய ஸ்வெட்டர்தான் இருந்தது. கோமதி எனக்கு வாங்கிக் கொடுத்த இரண்டு கோட்டில் ஒன்றை உமக்குப் போட்டுவிட்டேன். நான் அப்போதே தடித்த ஆள். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது உமக்கு. "கோட்டுக்குள்ள ஆளைத் தேடணும்வே" என்று கிண்டல் பண்ணினேன்.

எக்கிட்னா இரண்டாவது வாரமே கிடைத்துவிட்டது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே போகிற பாதையில், பட்டப்பகலில், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பேர் போனார்கள். முன்னால் ஒன்று, பின்னால் மூன்று. முன்னால் போவது பெண்ணாம், மற்ற மூன்றும் அவள் பின்னால் நாள்கணக்கில் அலைகிற ஆண்களாம். "பொம்பிளை பாக்க வந்த கூட்டம்" என்றீர். நான் கேமராவோடு கிட்டே ஓடினேன். நாலும் அந்தந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டி இறங்கிவிட்டன. ஓடி ஒளியவில்லை, நின்ற இடத்திலேயே தரைக்குள் போகின்றன! மேலே முள் மட்டும் தெரிகிறது. நானும் விடாமல் ஒரு ரோல் முழுக்க அந்த முள்ளையே எடுத்தேன். நீர் மட்டும் குப்புறப் படுத்து, அசையாமல் காத்திருந்தீர். அரைமணி கழித்து ஒரு நீள மூக்கு வெளியே வந்ததாம். நான் அப்போது ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர் நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு எனக்கு வாசித்துச் சொன்னீர். எக்கிட்னாப் பெண் ஒரே ஒரு முட்டை இடும், அதுவும் தன் வயிற்றுப் பைக்குள்ளேயே. பத்து நாளில் குஞ்சு வரும். அந்தத் தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. தோலில் பால் கசியும், குஞ்சு அதை நக்கிக் குடிக்கும். "முள்ளு முளைக்கத் தொடங்க, தாய்க்குக் குத்தும். அப்ப இறக்கி வளைக்குள்ள விட்டிடும். பிறகு சில நாளைக்கு ஒருக்கா வந்து பால் குடுத்திட்டுப் போகும்." அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினீர். "சில நாளைக்கு ஒருக்கா" என்று இன்னொரு தடவை சொன்னீர். பிறகு இந்த மாதப் படம் இன்னும் அம்மாவுக்குப் போகவில்லை என்றீர். போன மாதமும் பயண அலைச்சலில் தவறிவிட்டது. "எடுத்துக்கலாம்வே, நாள் கெடக்கு" என்றேன்.

பிளாட்டிபஸ்தான் ஆட்டம் காட்டியது. பயிற்சி நடந்த ஆலையில் ஒருவர் சொன்னாரென்று மூன்று வாரம் சனி ஞாயிறு இரண்டு நாளும் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு நாற்பது மைல் தள்ளி ஓர் ஏரிக்குப் போனோம். விடியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம், அந்தியிலும் உட்கார்ந்தோம். விரல் விறைத்ததுதான் மிச்சம். ஐந்தாவது வாரக் கடைசியில், நாம் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, வாராவாரம் அப்படி எங்கே போய் நனைந்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். நீர் பக்தியோடு விளக்கினீர். "அதுவா? நான் துணி காயப்போடுகிற இடத்துக்குப் பின்னால் ஓடையில் இருக்கிறதே" என்றார் அவர். "நீங்கள் என்னிடம் கேட்கவேயில்லையே!"

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு, உமக்கு அழுகை வராத குறை.

அப்போது என் கேமராவில் பன்னிரண்டு படம் பாக்கி இருந்தது. மற்ற ரோலெல்லாம் முள்ளிலும், செம்மறி ஆட்டிலும், பனியோடு நான் நிற்பதிலும் போயிருந்தன. அந்தக் கடைசி வாரம் தினமும் விடியற்காலையில் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து ஓடைக் கரைக்குப் போனோம். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். "அதுதான்! கீழ இரை தேடுது. தண்ணிக்குள்ள கண்ணையும் காதையும் மூக்கையும் மூடிப்போடும். சொண்டாலதான் எல்லாம் தெரியும் அதுக்கு" என்று என் காதில் சொல்வீர். சொண்டு என்றால் அலகு. நான் படக்கென்று அமுக்குவேன். அதற்குள் உள்ளே போயிருக்கும். உமக்கும் வட்டம்தான் தெரியும், எனக்கும் வட்டம்தான். இப்படிப் பதினோரு தண்ணீர்ப் படம் எடுத்தேன். கெட்டிக்காரன் நான்!

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. மத்தியானம் விமானம். கேமராவில் ஒரே ஒரு படம்.

விடியலிலிருந்து உட்கார்ந்திருந்தோம். வட்டம்கூட இல்லை. வெயில் மரத்துக்கு மேலே ஏறி, தண்ணீர் மினுங்க ஆரம்பித்துவிட்டது. நீர் எழுந்து கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டினீர்.

"காணும் ஐசே, போதும். என்னை ஒரு படம் எடும், அம்மாவுக்கு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உமக்கு என்ன கோட்டி புடிச்சிருக்காவே? இருக்கது ஒத்தப் படம். ஒரு மாசமா குளுர்ல நாயா அலைஞ்சிருக்கோம். உம்ம மூஞ்சியத் துபாய்ல போய் எடுத்துக்கிட மாட்டமா?"

"ரெண்டு மாசம் போகேல்லை. துபாய் போய், புது ரோல் போட்டு முடிச்சு, கழுவி, அனுப்ப இன்னும் ரெண்டு கிழமை போயிடும். இதெண்டால் போன உடனே கழுவி அனுப்பலாம்."

"இன்னும் அரைமணி பாப்போம். வந்தா?"

"வந்தா வரட்டும். அதை ஆரும் எடுப்பினம். என்னை நீர்தானே எடுக்கோணும்."

அந்த மிருகத்துக்காக அத்தனை நாள் துடித்தவர் நீர்தான். அதைக் கண்ணால் காணவேண்டும் என்று ஏங்கியதும் நீர்தான். நான் பாதி நாள் தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன். ஆனால் கேமரா என்னுடையது என்ற திமிர் எனக்கு. 'முடியாது' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை இத்தனை வருடத்தில் உம்மிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உம்முடைய நனைந்த சப்பாத்தைப் பார்த்தேன். ஏதோ ஒன்று தடுத்தது. "சரி, போய் நில்லும்" என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னேன்.

தண்ணீரோரம் ஒரு பாறையில் ஏறி, ஓடைக்கு முதுகு காட்டி நின்றீர். முழு ஆளாக, கை இரண்டும் பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான் உம்முடைய மூக்கைப் பார்த்து ஃபோகஸ் பண்ணினேன். மூக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவ்வளவு கடுப்பு. "சிரியும்வே" என்றேன். நீர் சிரித்தீர். அமுக்கினேன். ஃபிலிம் முடிந்தது. "கலாஸ்" என்று சொல்லிவிட்டுக் கேமராவைப் பையில் போட்டு நடந்தேன். நீர் பின்னால் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு வந்தீர், அது மட்டும் தெரியும்.

துபாய் வந்த அன்றைக்கே தேராவில் நம் மலையாளி ஸ்டுடியோவில் ரோலெல்லாம் கொடுத்தோம். படங்கள் வந்தன. முள் முள் முள், தண்ணீர் தண்ணீர் தண்ணீர். எனக்கு ஆத்திரம், படக்கட்டை அப்படியே மேஜை இழுப்பறைக்குள் எறிந்தேன். நீர் உமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்து, பின்னால் தேதி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அங்கிருந்தே தபாலாபீசுக்குப் போய்விட்டீர். நாம் இரண்டு பேரும் அந்தப் படத்தில் உம்முடைய முகம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்த்தோம். இருந்தது.

இரண்டு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. நீர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கோமதி கவலைப்பட்டாள். சொதியை ஒரு தடவைக்கு மேல் வாங்கவில்லையாம். பிறகு ஒரு நாள், மத்தியான டூட்டி நேரத்தில், ஸ்டோரைத் திறந்து போட்டுவிட்டு நீர் என் வொர்க்‌ஷாப்புக்குள் ஓடிவந்தீர். ஸ்டோரைத் திறந்து போட்டுவிட்டு! யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். நீர் கடிதத்தை நீட்டினீர். அதை அத்தனை தடவை வாங்கி வாசித்திருக்கிறேன், இன்றைக்கும் வரி வரியாகச் சொல்லுவேன்.

"தம்பி, படம் கிடைத்தது. மூன்று மாதமாய் வழி பார்த்திருந்தது. மெலிஞ்சு போனாய். நீ போட்டிருக்கிற கோட்டு ஆருடையது? தோள் பெரிசாய்க் கிடக்கு, உன்னுடையது இல்லை. தந்தவருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லு. சப்பாத்து நனைஞ்சிருக்கு, ஈரத்தோடு நிற்காதே. உனக்குப் பின்னால் தண்ணியில் ஒன்று நிற்குது. பேப்பர் வாசிக்கிற கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சொண்டு தாராவின் சொண்டு, முதுகில் மயிர். அந்த ஊர்த் தாராவுக்கு மயிர் முளைக்குமோ? கடிக்கிற சாதியென்றால் கிட்டப் போகாதே."

தாரா என்றால் வாத்து. நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீரும் அப்படியே தரையில் உட்கார்ந்தீர். "ஐசே, பின்னால நிண்டிருக்கு. எனக்குப் பின்னால நிண்டிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர். சிரிக்கிறீரா அழுகிறீரா என்று தெரியவில்லை. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே நெகட்டிவை எடுத்துக்கொண்டு தேராவுக்கு ஓடினோம். ஸ்டுடியோச் சேட்டன் அதை விளக்குப் பெட்டியில் வைத்து, லென்ஸால் உற்றுப் பார்த்தார். "இதெந்தா சாரே, தாறாவோ எலியோ?" என்றார். நீர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டீர். பாவம், அவர் பயந்துவிட்டார். இரண்டு நாளில் பெரிய படம் போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் கலங்கல்தான். ஆனாலும் உம்முடைய இடது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, என்னுடைய தொளதொள கோட்டின் ஓரத்தில், அகலமான அலகும் நனைந்த ரோமமுமாகத் தண்ணீர் மேல் தலை தூக்கி நிற்கிறது. நீர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறீர். அது உம்முடைய முதுகைப் பார்க்கிறது. நான் உம்முடைய மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் இருந்த இடத்தில் அதைக் கண்டது அங்கே இல்லாத ஒருத்தி.

"கிட்டப் போகாதே எண்டு அம்மா சொன்னது சரிதான், ஐசே" என்றீர் வண்டியில் வரும்போது. "ஆண் பிளாட்டிபசுக்குப் பின்னங்காலில நஞ்சு முள்ளு இருக்கு." இரண்டு பேரும் கராமா வரும்வரை சிரித்தோம். அன்றைக்கு நீர் சொதியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டீர்.

என் மகள் மட்டும் விடவில்லை. "மாமா, நீங்க பாக்கவேயில்லையே!" என்று பரிதாபப்பட்டாள். "நான் பாக்காட்டி என்ன பிள்ளை, அம்மா கண்டவ" என்று சொன்னீர். சும்மா ஒப்புக்குச் சொல்கிறீர் என்று நினைத்தேன். பிறகு நீர் கனடா போனீர். அம்மாவையும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டீர். டாஸ்மேனியாவுக்கு மறுபடி போக உமக்கு வாய்க்கவில்லை, போனில் பேசும்போது போக வேண்டுமென்று நீர் ஒரு தடவைகூடச் சொன்னதுமில்லை. அந்தப் பெரிய படம் கடைசி வரை உங்கள் வீட்டு முன்னறையில் தொங்கியதாம். வருகிறவர்களெல்லாம் "இது என்ன மிருகம்?" என்று கேட்பார்களாம். பேரைச் சொல்லாமல், "அது அம்மா கண்டது" என்பீராம். உம்முடைய மகன்தான் சொன்னான். அப்போதுதான் நான் "அப்படியா, அப்படியா" என்றேன்.

அன்றைக்கு அந்த ஒரு படத்தைத் தரமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நாம் இரண்டு பேரும் புல்லில் குந்திக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு வட்டத்தைப் படம் எடுத்துவிட்டு வந்திருப்போம். உம்முடைய அம்மா இன்னொரு மாதம் வழி பார்த்திருப்பார். நல்லவேளை, உம்முடைய சப்பாத்து நனைந்திருந்தது.

கேமரா பிள்ளை எப்போதோ மூப்படைந்து அலமாரியில் படுத்துவிட்டது. இப்போது எல்லாம் கைபேசிதான். அந்த ஆறு வயதுக்காரி வளர்ந்து, கல்யாணமாகி, நார்வேயில் இருக்கிறாள். வாரத்துக்கு நாலு படம் அனுப்புகிறாள். முன்பெல்லாம் நான் வெளிச்சம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று பதில் போடுவேன். நீர் போன பிறகு என்னையறியாமல் அது மாறிவிட்டது. முதலில் மெலிந்திருக்கிறாளா என்று பார்க்கிறேன். பிறகு காலில் என்ன போட்டிருக்கிறாள் என்று பார்க்கிறேன். பிறகு அவள் தோளுக்குப் பின்னால்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். பனி, ஓர் ஏரி, நடுவில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிசாக்கி, ரொம்ப நேரம் பார்த்தேன். பின்னால் தண்ணீரில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு வரி எழுதினேன்.

"போட்டிருக்கிற கோட்டு யாரோடதும்மா? தோள் பெரிசாக் கெடக்கே."

பதில் வந்தது.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"